பார்வையிட்டவர் யார்?

சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் ஒன்று கூடும் இடத்தில் இருக்கன்குடி இருக்கிறது. இரு கங்கைகள் கூடும் குடி என்பதே நாளடைவில் இப்பெயராயிற்று என்பர் ஊரார். ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை வந்துவிட்டால், மாரியம்மன் கோயிலுக்கு வரும் மக்கள் கூட்டத்தில் ஆற்று மணலே கண்ணுக்குத் தெரியாது. மற்ற நாட்களில் இது அமைதியான சிற்றூர். இவ்வூரில் குடியிருந்துகொண்டு, மாலைதோறும் சாத்தூருக்குச் சென்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது நமது பணி. அரபி, தமிழ் என்னும் இரண்டு ஆறுகளில் கால் நனைத்து வளர்ந்தவர் நாம். ஐம்பது வயதை எட்டிய வேளையில் மூன்றாவதாக ஓர் ஆறு நம் வாசலுக்கே வந்து சேர்ந்தது. அதன் பெயர் வாட்ஸ்அப்.

எழுதும் கருவி மாறுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. நாம் சிறுவராய் மக்தபில் அமர்ந்திருந்த காலத்தில், மைக்கூட்டில் தொட்டு எழுதும் பேனாவிலும் ஊற்றுப் பேனாவிலும் பொருத்தும் முள், சாத்தூரில் குடிசைத் தொழிலாக வீடுதோறும் உருவாகிக்கொண்டிருந்தது. சாத்தூர் நிப்பு என்றால் வடநாட்டுக் கடைக்காரருக்கும் தெரியும். பந்துமுனைப் பேனா வந்தது. நிப்புத் தொழில் தேய்ந்தது. மேற்கே சிவகாசியின் கதை வேறு. 1922ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டி வந்தது, தீப்பெட்டிக்கு ஒட்டப் படச்சீட்டு வேண்டியிருந்தது, அச்சீட்டை அடிக்க அச்சுப்பொறி வந்தது. இன்று நாட்டின் நாட்காட்டிகளும் நாட்குறிப்பேடுகளும் பெருமளவில் அங்கிருந்தே போகின்றன. ஒரு பக்கம் பேனா முள், மறுபக்கம் அச்சு. இவற்றின் நடுவே வாழ்ந்தும், எழுத்துக் கருவியின் வரலாற்றை நாம் ஆராய்ந்தவரல்லர். ஒரு பெரியவர் கேட்ட கேள்வியே நம்மை அதற்குள் தள்ளிவிட்டது.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் பள்ளிவாசலும் மக்தபும் மூடப்பட்டன. ஏப்ரல் பிற்பகுதியில் ரமலான் பிறந்தது. பிள்ளைகள் ஓதியதை மறந்துவிடுவார்களே என்ற கவலையில், முன்னாள் மாணவர் ஒருவரின் உதவியோடு ஒரு குழுவைத் தொடங்கினோம். அதுவரை நாம் கைபேசியை அழைப்பு வந்தால் எடுப்பதற்கும், தொழுகையில் அணைத்து வைப்பதற்கும் மட்டுமே அறிந்திருந்தோம். முதல் குரல் பதிவைச் செய்தபோது, சுவரைப் பார்த்துப் பாடம் நடத்துவது போலக் கூச்சமாக இருந்தது. எதிரே ஒரு முகமும் இல்லை. தவறாக ஓதும் பிள்ளையின் உதட்டைப் பார்த்துத் திருத்த வழியில்லை. ஒரு வரியைப் பதினோரு முறை பதிந்து பதினோரு முறையும் அழித்த நாள் உண்டு.

ஆயினும் எதிர்பாராத ஒரு நன்மை நேர்ந்தது. ஊரடங்கு தளர்ந்து பட்டாசு ஆலைகள் திறந்த பின், கைபேசிகள் பகலில் வீட்டிலேயே இருந்தன. பொறி பறந்துவிடக் கூடாது என்பதற்காக ஆலைக்குள் கைபேசிக்குத் தடை. வேலைக்குச் செல்வோர் பலர் அதை வீட்டில் வைத்துவிட்டே செல்வர், அல்லது வாயிலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போவர். வீட்டிலிருந்த கைபேசியில் நம் பாடத்தைப் பிள்ளைகள் கேட்டனர். அடுப்படியிலிருந்தபடி தாய்மாரும் கேட்டனர். மக்தபின் படியை ஏறியிராத பெண்மக்கள், தங்கள் பிள்ளையின் பெயரில் ஓதிப் பதிந்து அனுப்பலாயினர். குரலைக் கேட்டு, “இது பையன் குரல் இல்லையே” என்று நாம் எழுதினால், “பையன் தூங்கிட்டான் அஜ்ரத், நான்தான் ஓதுனேன்” என்று பதில் வரும். கைபேசியைச் சைத்தானின் பெட்டி என்று மேடையில் பேசிய நாம், அந்த ஆண்டில் வாயை மூடிக்கொண்டோம்.

இனி நாம் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும்.

2021 ஏப்ரலில் ரமலான் தொடங்கிய வாரம், கொரோனாவின் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கு மார்ச் முதலே தடுப்பூசி போட்டு வந்தனர். ஒருநாள் ஸஹர் முடிந்த நேரத்தில், பழைய மாணவர் ஒருவரிடமிருந்து நீண்ட செய்தி ஒன்று வந்தது. மேலே அரபியில் ஒரு ஹதீஸ். கருஞ்சீரகத்தின் மருத்துவ குணத்தைக் கூறுவது. புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற, ஐயத்துக்கு இடமில்லாத ஹதீஸ் அது. எழுத்தெழுத்தாகப் பார்த்தோம், ஒரு பிழையும் இல்லை. மகிழ்ந்து, எண்பது குடும்பங்கள் கொண்ட நம் குழுவுக்கு அனுப்பினோம். கீழே ‘மேலும் படிக்க’ என்று நீல எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை நாம் தொடவில்லை.

அதைத் தொட்டவர்கள் கண்டது இது: ஏழு நாட்கள் கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்து உண்டவருக்கு நோய் அணுகாது, ஊசி போட வேண்டியதில்லை என்று யாரோ தமிழில் எழுதிச் சேர்த்திருந்தனர். மாலையில்தான் நமக்குத் தெரியவந்தது. அனைவருக்கும் நீக்கும் வசதி அப்போது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் மட்டுமே உண்டு. அந்த நேரம் கடந்திருந்தது. மறுப்பு எழுதினோம். செய்தியைப் படித்த அத்தனை பேரும் மறுப்பையும் படித்தார்கள் என்று சொல்ல முடியாது. அதற்குள் அது வேறு குழுக்களுக்கும் போய், “சாத்தூர் அஜ்ரத் சொன்னது” என்ற தலைப்போடு நமக்கே திரும்பி வந்தது.

தீப்பெட்டி ஆலையில் வேலை செய்து ஓய்ந்த ஒரு பெரியவர், அச்செய்தியைப் பேரன் வாசிக்கக் கேட்டு, போட இருந்த ஊசியைத் தள்ளிப் போட்டார். மே மாதம் நோய் கண்டு, பத்தொன்பது நாட்கள் மருத்துவமனையில் கிடந்து மீண்டார். ஊசி போட்டிருந்தால் நோய் வந்திராது என்று உறுதி கூற நாம் மருத்துவரல்லோம். அவர் போடாமல் இருந்ததற்கு நாம் அனுப்பியதே காரணம் என்பது மட்டும் உறுதி. அவரைப் பார்க்கச் சென்றோம். மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. அவரே பேசினார்.

“நீங்க அனுப்புனதுன்னுதான் நம்புனேன் அஜ்ரத். அத எழுதுனது யாருங்க?”

“தெரியாது பெரியத்தா.”

“தெரியாதா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றும் அவர் ஜும்ஆவுக்கு வந்தால், மூச்சு வாங்கியபடி கடைசி வரிசையில் நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார்.

யார் சொன்னது என்று கேட்பதையே ஒரு கல்வியாக வளர்த்த சமுதாயத்தில், ஏழாண்டுகள் அதைக் கற்று ஸனது வாங்கியவர் நாம். ஹதீஸ் நூல்களை ஓதி முடித்த மாணவனுக்கு உஸ்தாத் தரும் ஸனதின் பொருளே அதுதான்: நான் இன்னாரிடம் கேட்டேன், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வரை செல்லும் சங்கிலி. தீயவன் ஒருவன் கொண்டு வரும் செய்தியைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளும்படி அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒரு மனிதன் பொய்யனாவதற்குப் போதும் என்னும் கருத்துடைய நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) தமது நூலின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார். இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே வாயால், பெயரற்ற ஒருவர் எழுதியதை நாம் பரப்பியிருக்கிறோம்.

நாம் விழுந்த குழிக்கும் நம் முன்னோர் பெயர் வைத்திருந்தனர். ஹதீஸின் சொற்களோடு அறிவிப்பாளரின் சொந்தச் சொல் ஒட்டிக்கொண்டு, இரண்டும் ஒன்றே போலத் தோற்றமளிப்பதை ‘முத்ரஜ்’ என்பர். உளூவை நிறைவாகச் செய்யுங்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் தம் மாணவர்க்குச் சொன்ன சொல், குதிகால்களைக் கழுவாது விடுவோரை எச்சரிக்கும் நபிமொழியின் முன்னால் சில அறிவிப்புகளில் ஒட்டிக்கொண்டதை இதற்கு எடுத்துக்காட்டுவர். நல்ல சொல்தான், தீங்கற்ற சொல்தான். ஆயினும் நாயகத்தின் சொல் வேறு, தோழரின் சொல் வேறு என்று பிரித்துக் காட்டாமல் அறிஞர்கள் ஓயவில்லை. பாக்தாதின் கதீப் (ரஹ்), ஹிஜ்ரி 463இல், அதாவது 1071இல் மறைந்தவர், இவ்வகை ஒட்டுகளைப் பிரிப்பதற்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். கருஞ்சீரக ஹதீஸின் கீழே ஒட்டப்பட்ட தமிழ் வாக்கியத்தை அவர் கண்டிருந்தால், அரை நொடியில் கத்தரித்து எறிந்திருப்பார்.

ஊடகம் மாறும்போதெல்லாம் இந்தக் கவலை எழுந்திருக்கிறது. ஹதீஸை ஏட்டில் எழுதலாமா என்பதிலேயே தொடக்க காலத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. மனத்தில் இருக்க வேண்டியது ஏட்டுக்குப் போனால் மனம் சோம்பிவிடும், தகுதியற்றவர் கையில் ஏடு சிக்கும் என்று அஞ்சியவர்கள் சாதாரண மனிதர்களல்லர். பின்னர் ஹிஜ்ரி 99 முதல் 101 வரை ஆண்ட கலீபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்), அறிஞர்கள் மறைவதோடு அறிவும் மறைந்துவிடுமே என்று கருதி, ஹதீஸ்களை எழுதித் தொகுக்க ஆணையிட்டார். எழுத்து வென்றது. ஆனால் எழுத்தை மட்டும் நம்பியவனுக்கு அறிஞர் அவையில் மதிப்பில்லை. ஆசானிடம் கேளாமல் ஏட்டைப் படித்து மட்டும் கற்றவனை ‘ஸுஹுஃபீ’ என்று சற்று இளக்காரமாக அழைத்தனர். ஸஹீஃபா என்றால் ஏடு. ஏட்டால் கெட்டவன் என்று வைத்துக்கொள்ளலாம். (அதே வேரிலிருந்து பிறந்த சொல்லையே இன்றைய அரபியர் பத்திரிகையாளருக்குச் சூட்டியிருக்கின்றனர். பத்திரிகை நண்பர்கள் கோபிக்க வேண்டா.) அப்படிப் படித்தவன் செய்யும் எழுத்துப் பிழைக்கு ‘தஸ்ஹீஃப்’ என்று பெயர்.

எகிப்தில் காஜியாக இருந்த இப்னு லஹீஆ செய்த தஸ்ஹீஃப் ஒன்று பெயர் பெற்றது. நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் பாயினால் தமக்கு ஒரு தடுப்பு அமைத்துக்கொண்டார்கள் என்பது செய்தி. தடுப்பு அமைத்தல் ‘இஹ்தஜர’. அவரோ கடைசி எழுத்தை மாற்றி ‘இஹ்தஜம’ என்று அறிவித்துவிட்டார். பொருள் என்னவாயிற்று? நாயகம் பள்ளிவாசலுக்குள் குருதி குத்தி எடுத்துக்கொண்டார்கள் என்றாயிற்று! இதனை எடுத்துக்காட்டிய இமாம் முஸ்லிம், இப்பிழைக்குக் காரணமும் கூறுகிறார்: செய்தியை ஆசானின் வாயிலிருந்து கேளாமல், எழுதி வந்த மடலிலிருந்து எடுத்துக்கொண்டாராம். ஒரு மடல், ஓர் எழுத்து. அதை வாங்கி அப்படியே அனுப்பியவர், ஊரே மதித்த ஒரு காஜி.

கலீபா உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆன் படிகளை எழுதுவித்துப் பெருநகரங்களுக்கு அனுப்பியபோது, படியோடு ஓதிக்காட்டும் காரியையும் அனுப்பினார்கள் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். ஏடு தனியாகப் போகவில்லை. ஆள் ஒருவர் உடன் போனார். இந்த ஒரு வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பின்வரும் நூற்றாண்டுகளைப் பார்த்தால் பல செய்திகள் விளங்கும்.

நமக்குத் தெற்கே, பேருந்தில் ஏறினால் முற்பகலுக்குள் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் எட்டயபுரம் இருக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலம் அங்கேதான். வள்ளல் சீதக்காதி, நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடும்படி அவரை வேண்ட, புலவர் அரபு மூலங்களின் பொருளை அறிய மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடினார் என்றும், அப்பா முதலில் இணங்கவில்லை என்றும், பின்னரே மனம் இளகிப் பரங்கிப்பேட்டையிலிருந்த ஓர் ஆலிமிடம் செய்திகளைப் பெற்றுக்கொள்ள வழிகாட்டினார் என்றும் வழிவழியாகச் சொல்வர். இதைச் சொல்வோர் பெரும்பாலும் அப்பாவின் கண்டிப்பையும் புலவரின் கண்ணீரையுமே பெரிதாக்குவர். நமக்கோ அக்கதையில் வேறொன்று தெரிகிறது. எட்டயபுரம் அரண்மனையில் வாதிட்டுப் பெயர் பெற்ற புலவரும், யாரிடம் கேட்டாய் என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொண்ட பிறகே எழுத்தாணியை எடுத்தார்.

அச்சுக்கலை வந்தபோது முஸ்லிம்கள் அதை வெறுத்து ஒதுக்கினர் என்று எழுதுவது எளிது, பலரும் எழுதியிருக்கின்றனர். தாமதம் உண்மைதான். தமிழில் முதல் நூல் 1578இலேயே கொல்லத்தில் அச்சேறிவிட்டது. துருக்கியில் இப்ராஹீம் முத்தஃபர்ரிகா அச்சுக்கூடம் வைக்க சுல்தான் மூன்றாம் அஹ்மதிடம் அனுமதி பெற்றதோ 1727இல். முதல் நூலாக ஓர் அகராதி 1729இல் வெளிவந்தது. மார்க்க நூல்களை அச்சிட அப்போது அனுமதியில்லை. ஆனால் அந்த அரசாணையில், அச்சாகும் படிகளைப் பார்வையிட்டுப் பிழை திருத்துவதற்கென்று நான்கு அறிஞர்கள் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டதை நாம் கவனிக்க வேண்டும். அச்சுப்பொறியோடு ஆட்களையும் அனுப்பியிருக்கின்றனர்.

அவர்கள் அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது. 1537, 1538ஆம் ஆண்டுகளில் வெனிஸ் நகரத்துப் பகனீனிமார் குர்ஆனை அரபி எழுத்தில் அச்சிட்டனர். வணிக நோக்கம், அரபி அறிந்து பார்வையிடுவார் இல்லை, எழுத்துகளில் பிழை மலிந்தது. அப்பதிப்பு முழுவதும் அழிந்துவிட்டதென்றே உலகம் நம்பியிருக்க, 1987இல் வெனிஸிலுள்ள ஒரு மடத்து நூலகத்தில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது. ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்து, 1924இல் கெய்ரோவில் அஸ்ஹர் அறிஞர்களின் மேற்பார்வையில் வெளிவந்த பதிப்பு உலகெங்கும் ஏற்கப்பட்டது. முந்தையது யந்திரத்தை மட்டும் நம்பிற்று. பிந்தையது காரிகளின் செவியையும் துணைக்கு வைத்துக்கொண்டது.

நம் நாட்டில் 1835இல் அச்சுக்கூடங்கள் மீதிருந்த கட்டுப்பாடு நீங்கிய பின், உள்ளூரார் கைகளில் அச்சுக்கூடங்கள் பெருகின. ஏழே ஆண்டுகளில், 1842இல், சீறாப்புராணம் அச்சேறிற்று. அச்சேற்றியவர் காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள். 5,027 பாடல்கள், அரபுச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் பின்னிக் கிடப்பவை. அரபி தெரியாதவர் தொட்டால் ஒரு பக்கம் சிதையும், யாப்புத் தெரியாதவர் தொட்டால் மறுபக்கம் சிதையும். அவரோ ஆலிம், தாமே காப்பியங்கள் பாடிய புலவர். அத்தகைய ஒருவரின் பெயரைத் தாங்கி வந்ததால், பனை ஏட்டிலிருந்து தாளுக்கு வந்த நூலை மக்கள் தயங்காமல் வாங்கினர்.

அக்காலத்து நூல் எதையேனும் கையில் எடுத்துப் பாருங்கள். முகப்பேட்டில் இன்னார் இயற்றியது, இன்னாரால் பார்வையிடப்பட்டு, இன்னாரது அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று மூன்று பெயர்கள் நிற்கும். அடுத்துச் சாற்றுகவிகள், அரபி நூலாயின் அறிஞர்தம் ‘தக்ரீழ்’. இறுதியில் பிழை திருத்தம். இளமையில் அந்தச் சாற்றுகவிகளை வெறும் புகழ்ச்சி என்று புரட்டித் தள்ளியிருக்கிறோம். புகழ்ச்சி இல்லாமலில்லை. ஆயினும் ஒவ்வொரு சாற்றுகவிக்கும் கீழே ஓர் ஆளின் பெயரும் ஊரும் உண்டு. நூலில் தவறிருந்தால் போய்க் கதவைத் தட்டலாம்.

அரபுத் தமிழ் நூல்களுக்கு அச்செழுத்து வார்ப்பது கடினமாக இருந்தது. தமிழ் ஒலிகளுக்கென்று புள்ளி கூட்டிச் சேர்த்த எழுத்துகள் அதில் உண்டு. கல்லச்சு முறை வந்து அந்த இடரைத் தீர்த்தது. கையால் எழுதியதை அப்படியே கல்லில் பதித்து எடுத்துவிடலாம். பம்பாயிலும் சென்னையிலும் அடித்த அரபுத் தமிழ் நூல்கள் ஊர்தோறும் பரவின. கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816-1898) இம்மொழியில் எழுதிய மார்க்கச் சட்ட நூல்கள், குர்ஆன் ஓதுவதற்காக அரபி எழுத்து மட்டும் கற்றிருந்த பெண்மக்களின் மடிகளைச் சென்று சேர்ந்தன. மத்ரஸாவுக்குள் நுழைய முடியாதவர்களிடம் மத்ரஸாவே நடந்து போயிற்று. நம் குழுவில் அடுப்படியிலிருந்து ஓதி அனுப்பும் தாய்மாரின் பாட்டிமார்தாம் அந்நூல்களின் வாசகியர்.

கடலுக்கு அப்பால் கண்டி நகரில், வழக்கறிஞர் எம்.சி. சித்திலெப்பை (1838-1898) 1882 டிசம்பர் 21ஆம் நாள் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். நமது தொழிலுக்கு அவர் நெருங்கிய உறவினர். கல்வியே அவரது கவலை. பள்ளிக்கூடங்கள் நிறுவினார்; பெண்கல்வியைப் பேசினார். ஆங்கிலக் கல்வி மார்க்கத்தைக் கெடுக்கும் என்றிருந்தோரிடம் வாரந்தோறும் வாதிட்டார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனால் எதிர்த்தவரும் ஆதரித்தவரும் பெயர் சொல்லிப் பேசினர். ஆசிரியரின் விலாசம் இதழிலேயே இருந்தது. பொதுமக்களோடு பேசும் புதுக் கருவியைக் கையிலெடுத்து, அதன் முழுப் பொறுப்பையும் தலையில் ஏற்றுக்கொண்ட ஓர் ஆசிரியரின் வாழ்க்கை என்றே அவர் வரலாற்றை நாம் இப்போது வாசிக்கிறோம்.

குர்ஆனின் தமிழாக்கமும் இந்தப் பொறுப்பின் கதைதான். காரைக்காலைச் சேர்ந்த அ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்களே முதன்முதலில் முழுமையான தமிழாக்கம் தந்தவர். முதல் பாகம் 1929இல் வெளிவந்தது. முழுமை பெற 1940கள் ஆயின. இத்தனை ஆண்டுகள்! நாமோ ஒரு ஹதீஸை எண்பது குடும்பங்களுக்கு அனுப்ப எடுத்துக்கொண்டது இரண்டு நிமிடம். அதில் ஒன்று, குழுவைத் தேடுவதில் கழிந்தது.

ஒலிபெருக்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் 1936லேயே பாங்கு ஒலிபெருக்கியில் ஒலித்தது. தொழுகையில் இமாமின் குரலுக்கு அதைப் பயன்படுத்தலாமா என்பதில் வாதம் நீண்டது. கேட்பது இமாமின் குரலா, அதன் எதிரொலியா என்பதே வினா. மௌலானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) முதலில் தடுத்தார். முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) பின்னாளில் அறிவியல் அறிந்தோரிடம் விசாரித்து, இணங்கும் முடிவுக்கு வந்தார். இளைஞர் சிலர் இதைச் சொல்லிச் சிரிப்பர். கருவியிலிருந்து வரும் குரல் யாருடையது என்ற கேள்வி சிரிப்பதற்குரியதா என்று, போலிக் குரலைக் கணினியே ஆக்கித் தரும் இந்நாளில் அவர்களைத் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. வானொலியும் ஒலிநாடாவும் இவ்வளவு கலக்கம் தரவில்லை. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் பெயர் சொல்வார். நாகூர் ஹனீபாவின் குரலுக்கோ பெயரே தேவைப்படவில்லை.

கைபேசிதான் அந்த நெடுஞ்சங்கிலியை அறுத்தது. ‘முன்னனுப்பியது’ என்று ஓர் அடையாளமிட 2018இல் தொடங்கினர். வதந்தியை நம்பி அப்பாவிகளை அடித்துக் கொன்ற கொடுமைகள் நம் நாட்டில் நிகழ்ந்ததை அடுத்து, அதே ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப இயலாதபடி இந்தியாவில் கட்டுப்படுத்தினர். பல கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இறுக்கினர். பயனுள்ள ஏற்பாடுகளே. ஆயினும் அந்த அடையாளம், செய்தி கை மாறி வந்ததென்று மட்டும் சொல்லும். எந்தக் கையிலிருந்து என்று சொல்லாது. அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் பெயர் தெரியாவிட்டால் ‘மஜ்ஹூல்’ என்று ஒதுக்கிய துறையில் பயின்றவனுக்கு, அது தொடக்கம் முதல் முடிவு வரை மஜ்ஹூலாகவே இருக்கும் ஒரு ஸனது.

குழுவைக் கலைத்துவிடுமாறு ஜமாஅத்தில் சிலர் கூறினர். நமக்கும் சில நாட்கள் அதே எண்ணம் இருந்தது. தாய்மாரின் குரல்கள் தடுத்தன. அவர்களுக்கு வேறு மக்தப் கிடையாது.

எனவே பழைய முகப்பேட்டைக் குழுவுக்குள் கொண்டுவந்தோம். நாம் பதியும் ஒவ்வொரு பாடமும் நம் பெயர், நாள், எந்த நூலின் எந்தப் பாடம் என்பனவற்றோடு தொடங்கும். பிறர் அனுப்பும் செய்தியாயின், அதைச் சொன்னவரை நாமே அழைத்துக் கேட்ட பிறகே போடுவோம். கேட்க இயலாதவை எவ்வளவு அழகாயிருப்பினும் கிடப்பில் கிடக்கும். மருத்துவச் செய்தி எதுவும் நம் வாயால் கிடையாது. வெள்ளிதோறும் அஸருக்குப் பின் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு பதிவு போடுகிறோம். முதல் வெள்ளியன்று கருஞ்சீரகச் செய்தியைத்தான் போட்டோம். என்ன அனுப்பினோம், எந்த வரியைப் படிக்காமல் அனுப்பினோம் என்று முழுவதும் சொன்னோம். அதைப் பதிவு செய்தபோதும் பதினோரு முறைக்குக் குறையாமல் அழித்தோம். குழு இப்போது முன்னளவு கலகலப்பாக இல்லை. சிலர் விலகியும் போயினர்.

பெரியவரின் பேரன் இன்னும் அதில் இருக்கிறான். தாத்தாவின் அருகில் அமர்ந்து நம் பாடத்தைப் போட்டுக் காட்டுவானாம். தொடக்கத்தில் நாம் பெயர் சொல்லும்போது பெரியவர் தலையசைப்பாராம்.

சென்ற மாதம், எண்ணத்தைப் பொறுத்தே செயல்கள் என்னும் ஹதீஸை ஓதிப் பதிந்தோம். இரவில் ஒரு தாயாரிடமிருந்து குரல் பதிவு வந்தது. பட்டாசு ஆலையில் திரி வெட்டும் வேலை அவருக்கு. நம் குழுவிலேயே ஓதக் கற்றவர். தயங்கித் தயங்கிப் பேசினார்: “தப்பா நெனைக்காதீங்க அஜ்ரத், ‘நிய்யாத்’துல யகரத்த அழுத்தணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. இன்னைக்கு நீங்க அழுத்தாமப் போயிட்டீங்க.” மீண்டும் கேட்டுப் பார்த்தோம். அவர் சொன்னது சரி, அவசரத்தில் விட்டிருந்தோம். வெள்ளிக்கிழமை அந்த ஹதீஸைத் திரும்ப ஓதிப் பதிந்து, கீழே நம் பெயரையும் நாளையும் எழுதினோம். அடுத்த வரியில், அவரிடம் இசைவு கேட்டுக்கொண்டு, பார்வையிட்டவர் என்று எழுதி அவர் பெயரை இட்டோம்.